தொட்டு வைத்தியம் பார்த்த கை

சின்ன டவுனில் டாக்டர் என்றால் என்ன என்பது பெருநகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. இரண்டு மரபெஞ்சு, கலர் தண்ணி மாதிரி மிக்சர் ஊற்றிக் கொடுக்கிற கம்பவுண்டர், வாசலில் கட்டைவண்டி, வண்டியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிற ஒரு பொம்பளை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தென்னார்க்காடு ஜில்லாவில் இதுதான் ஆஸ்பத்திரி. பாம்பு கடித்தாலும் இங்கேதான், பூச்சிமருந்தைக் குடித்தாலும் இங்கேதான். பிழைத்துக்கொண்டால் "கைராசிக்கார டாக்டர்" என்று பத்து ஊருக்குச் சேதி போகும். செத்துப்போனால் விதி. கலெக்டருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் கிடைக்காத ஒரு மரியாதை இந்தக் கைராசியால் கிடைக்கும். "ஐயா" என்று கூப்பிடும்போது அதில் பயமும் இருக்கும், நன்றியும் இருக்கும்.

சேரிக்காரனுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. நாட்டு வைத்தியர் காலத்தில் தூர நின்று நோயைச் சொல்ல வேண்டும். மருந்தை இலையில் வைத்துத் தள்ளிவிடுவார்கள். நாடி பார்க்கக் கையில் துணியைச் சுற்றிக்கொண்ட கதையெல்லாம் நம் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டதுதானே. இங்கிலீஷ் வைத்தியம் வந்தபோது ஊசி போடக் கையைப் பிடித்தே ஆக வேண்டியிருந்தது. நெஞ்சில் குழாயை வைத்தே ஆக வேண்டியிருந்தது. அந்தத் தொடுகை சமத்துவம் இல்லை, தொழில். ஆனாலும் அது தொடுகைதான். தொட்ட டாக்டரைச் சேரி மறக்காது.

திண்டிவனத்தில் அப்படித் தொட்டு வைத்தியம் பார்த்த ஒருவர் அரசியலுக்கு வந்த கதையைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. மருத்துவர் ச. ராமதாஸ். 1939 ஜூலை 25இல் திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கீழ்சிவிரியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, அங்கேயே தங்கிப் பணம் பண்ணாமல், ஊர்ப்பக்கம் திரும்பி வந்து திண்டிவனத்தில் வைத்தியம் பார்த்தவர். குறைந்த காசுக்குப் பார்த்தார் என்று இன்றும் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள், நம் ஆட்களும் சேர்த்துத்தான். அவரிடம் வந்த நோயாளிகளில் வன்னியக் கூலிக்காரனும் இருந்தான், பறையர் கூலிக்காரனும் இருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே ரத்தசோகை, ஒரே குடற்புழு, அறுப்புக் காலத்தில் ஒரே கதிரரிவாள் வெட்டு. இந்த உண்மையைத் தம் கையால் தொட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதுதான் என் கேள்வி. அவர் நல்லவரா கெட்டவரா என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம்.

வைத்தியர் அரசியலுக்கு வருவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. அயோத்திதாச பண்டிதர் சித்த வைத்தியர். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகையைத் தொடங்கியவர். அவருக்குப் பின்னால் நிலமும் இல்லை, சாதிக்கூட்டமும் இல்லை, ஓட்டும் இல்லை. ஆகவே அவர் வரலாற்றை வைத்துப் பேச வேண்டியிருந்தது. 'நாம் தாழ்ந்தவர்களே இல்லை, தாழ்த்தப்பட்டவர்கள்' என்ற வைத்தியத்தைச் சொற்களால் செய்ய வேண்டியிருந்தது. திண்டிவனத்து டாக்டருக்கு நிலைமை வேறு. அவருக்குப் பின்னால் ஊரே நின்றது. ஊர் என்றால் தெரியுமல்லவா, சேரி போக மீதி.

அந்த ஊருக்கும் ஒரு நியாயமான குறை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. வட மாவட்டங்களில் எண்ணிக்கையில் பெரிய சாதி வன்னியர். ஆனால் தாலுக்கா ஆபீசில் இல்லை, மெடிக்கல் காலேஜில் இல்லை, செக்ரடேரியட்டில் பியூன் வேலையில்கூடத் தேட வேண்டும். 1951இல் எஸ்.எஸ். ராமசாமிப் படையாட்சி உழைப்பாளர் கட்சி வைத்தார். மாணிக்கவேலு நாயக்கர் காமன்வீல் கட்சி வைத்தார். 1952 தேர்தலில் இரண்டும் சேர்ந்து 25 இடங்களைப் பிடித்தன. பிடித்து என்ன? நாயக்கர் ராஜாஜி மந்திரிசபையில் உட்கார்ந்தார், படையாட்சி காமராஜர் மந்திரிசபையில் உட்கார்ந்தார், கட்சிகள் காங்கிரசில் கரைந்து காணாமல் போயின. மந்திரிப் பதவிக்குச் சாதியை விற்றார்கள் என்ற கசப்பு முப்பது வருஷம் அந்த மண்ணில் கிடந்தது. 1980இல் சிதறிக் கிடந்த சங்கங்களைச் சேர்த்து வன்னியர் சங்கத்தை ராமதாஸ் உண்டாக்கியபோது இந்தக் கசப்புதான் அவருக்கு முதல். மாநிலத்தில் 20 சதவீதம், மத்தியில் 2 சதவீதம் தனி இடஒதுக்கீடு வேண்டும் என்றார். நியாயமான கோரிக்கை. தலித் இயக்கத்துக்காரன் யாரும் இதை எதிர்க்க முடியாது. எதிர்த்தால் நம் சொந்த ஒதுக்கீட்டின் நியாயத்தை நாமே எதிர்ப்பதாகிவிடும்.

ஆனால் கோரிக்கை வந்த வண்டியைப் பாருங்கள். சங்கத்தின் சின்னம் அக்கினிக் கலசம். நெருப்பில் பிறந்த க்ஷத்திரியர்கள் என்கிற புராணம். இந்தப் பக்கம் அரசாங்கத்திடம் "நாங்கள் மிகவும் பின்தங்கியவர்கள்" என்று மனு, அந்தப் பக்கம் ஊருக்குள் "நாம் ஆண்ட பரம்பரை" என்று பேச்சு. மனு கலெக்டருக்கு, புராணம் சேரிக்கு. ரத்தவகைகளைப் படித்த டாக்டருக்கு நெருப்பில் யாரும் பிறப்பதில்லை என்று தெரியாதா? தெரியும். ரத்த வங்கியில் அக்கினி குரூப் என்று ஒரு பாட்டிலும் கிடையாது. ஆனால் கூட்டம் சேர்ப்பதற்கு மனுவைவிடப் புராணம்தான் உதவும்.

1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் சாலை மறியல். வட மாவட்டங்களில் மெட்ராசுக்குப் போகிற ரோடெல்லாம் அடைபட்டது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிப் போட்டார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியின் போலீஸ் சுட்டது. 21 பேர் செத்தார்கள். பெரும்பாலும் ஏழைகள். பத்திரிகைகள் செத்த மனுஷனைவிட விழுந்த மரத்துக்காக அதிகம் அழுதன. "மரம்வெட்டி" என்று பேர் வைத்தன. அந்தக் கேலியில் மேல்சாதித் திமிர் இருந்தது. அதை நாம் ஒருநாளும் சேர்ந்து சொன்னது கிடையாது, சொல்லவும் கூடாது.

ஆனால் அதே வாரத்தில் தென்னார்க்காட்டில் மரம் மட்டும் விழவில்லை. சேரிகளில் குடிசைகள் எரிந்தன. இடஒதுக்கீடு கொடுக்காதது கோட்டை. சுட்டது போலீஸ். எரிந்தது பறச்சேரி. இது எப்படி என்று யாராவது விளக்க வேண்டாமா? கோட்டை தூரத்தில் இருக்கிறது, சேரி பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. சாதிச் சங்கத்தின் உடம்பு அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. தலை கோட்டையைப் பார்த்துக் கத்தும், கை பக்கத்தில் கிடைப்பதைப் பிடுங்கும். தலைவர் சொல்லித்தான் எரிந்ததா என்று கேட்டு வழக்கறிஞர்கள் வாதாடலாம். சொல்லாமலே எரிகிற ஒரு அமைப்பைக் கட்டியவர் யார் என்பதுதான் அரசியல் கேள்வி.

1989இல் கலைஞர் ஆட்சி மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவை உண்டாக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகளைச் சேர்த்து 20 சதவீதம் கொடுத்தது. கேட்டது தனியாக, கிடைத்தது பங்காக. அதே வருஷம் ஜூலை 16இல் பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. அப்போது நம்மில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்ததைச் சொல்லியாக வேண்டும். கட்சிக்கு வன்னியர் பேர் இல்லை, பாட்டாளி என்று பேர். மேடையில் மார்க்ஸ், பெரியார், அம்பேத்கர் மூன்று படங்கள். கொடியில் நீலத்துக்கும் இடம். தலித் எழில்மலை பொதுச்செயலாளர். எந்தத் திராவிடக் கட்சி தன் பொதுச்செயலாளர் நாற்காலியை ஒரு தலித்துக்குக் கொடுத்திருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். அந்த எழில்மலைதான் 1998இல் மத்தியில் சுகாதாரத்துறைத் தனிப் பொறுப்பு அமைச்சரானார். டாக்டரோ தானும் தன் குடும்பமும் எந்தப் பதவிக்கும் வரமாட்டோம் என்று சத்தியம் செய்தார். படையாட்சி, நாயக்கர் கதையைப் படித்துத் தெரிந்துகொண்ட ஆள் செய்கிற சத்தியம் அது.

இந்தக் காலத்தில் நடந்ததுதான் குடிதாங்கி. கும்பகோணம் பக்கத்துச் சிற்றூர். சேரியில் ஒருவர் செத்துப்போகிறார், பிணம் போக வேண்டிய பாதை வன்னியர் தெரு. விடமாட்டோம் என்று மறித்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் இந்தக் கதை! செத்த பிறகும் வரப்பு வழியாகத்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் இடுப்பளவு வாய்க்கால் தண்ணியில் பாடையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போனவர்கள் நாம். குடிதாங்கிக்கு ராமதாஸ் போனார். தம் சாதிக்காரர்கள் மறித்து நிற்கிற தெருவில், தலித்தின் பிணத்தைத் தம் தோளில் சுமந்து போனார்.

இந்தக் காரியத்தைச் சின்னதாக ஆக்கக் கூடாது. மனு கொடுக்கவில்லை, கலெக்டரிடம் போகவில்லை, போலீஸ் பாதுகாப்போடு சமாதானக் கூட்டம் போடவில்லை. போய்த் தோள் கொடுத்தார். அந்தத் தெருக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு வழிவிட்டார்கள். ஏன் விட்டார்கள்? நம்ம ஐயா தூக்குகிறார் என்பதால் விட்டார்கள். கம்யூனிஸ்ட் தோழர் தூக்கியிருந்தால் அடி விழுந்திருக்கும். நாம் தூக்கியிருந்தால் கொலை விழுந்திருக்கும். ஊரை மாற்றும் சக்தி ஊருக்குள் இருந்து வருகிற ஒருத்தனுக்கு எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

குடிதாங்கியை நாம் புகழ்ந்துவிட்டுப் போனது போதாது. குடிதாங்கிதான் அவர்மேல் நம்முடைய மிகப் பெரிய குற்றச்சாட்டு. முடியாது என்றால் மன்னிக்கலாம். முடியும் என்று தானே செய்து காட்டிவிட்டாரே. அந்த ஒரு தோள் ஏன் ஆயிரம் ஊருக்குப் போகவில்லை? சங்கத்துக்குக் கிளை இல்லாத வன்னியர் ஊர் வட மாவட்டத்தில் உண்டா? கிளைச் செயலாளருக்கு ஒரு உத்தரவு போட்டிருந்தால் என்ன? 'உன் ஊரில் பிணப்பாதை மறிக்கப்பட்டால் உன் பதவி போச்சு' என்று. டீக்கடையில் தனிக் கிளாஸ் இருந்தால் கட்சிப் பலகையை எடுத்துவிடுவேன் என்று. ஒரு வார மறியலுக்கு அத்தனை ஊரையும் ரோட்டுக்குக் கொண்டுவரத் தெரிந்தவருக்கு இது தெரியாதா?

தெரியும். ஆனால் போட்டால் சங்கம் இருக்காது. இதுதான் விஷயம். அம்பேத்கர் படத்தை மேடையில் வைக்கலாம். மேடை தெருமுனையில் இருக்கிறது. அந்தப் படத்தைக் கிளைச் செயலாளர் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோனால் கேள்வி வரும். பெண் கொடுப்பியா, எடுப்பியா, கோயிலுக்குள் விடுவியா, கூலியை ஏற்றுவியா என்று. சாதிச் சங்கத்தைக் கட்டி அதன்மேல் சாதி ஒழிப்புக் கட்சியை வைப்பது ஓலைக் கூரைமேல் மெத்தை வீடு கட்டுகிற வேலை. கொஞ்ச நாள் நின்றதே ஆச்சரியம்.

ஆட்டம் கண்ட இடம் சிதம்பரம். 1999 நாடாளுமன்றத் தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் முதன்முதலாகத் தேர்தலுக்கு வந்தது. தனித்தொகுதியான சிதம்பரத்தில் திருமாவளவன் த.மா.கா. கூட்டணியில் நின்றார். எதிரே பா.ம.க.வின் இ. பொன்னுசாமி, அவரும் தலித்துதான். வாக்குப்பதிவு நாளில் சேரிகள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன, பல இடங்களில் நம் சனங்களை ஓட்டுப் போட விடவில்லை. அப்படியும் இரண்டு லட்சத்துக்குமேல் ஓட்டு விழுந்தது. தோற்றோம். 2004இலும் அதே தொகுதி, அதே இரண்டு பேர், அதே முடிவு. தலித்துக்குக் கட்சியில் பதவி கொடுத்ததன் அர்த்தம் அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது. நம் ஆள் அவர்கள் கட்சியில் பொதுச்செயலாளராகலாம், எம்.பி. ஆகலாம், மந்திரியாகலாம். நம் கட்சியில் வேட்பாளராக நின்றால் சேரி எரியும். நாற்காலி கொடுப்பான், ஓட்டுப் பெட்டியைக் கொடுக்கமாட்டான்.

இதற்குப் பிறகும் கை குலுக்கினார்கள் என்பதுதான் அரசியலின் விசித்திரம். ஈழமும் தமிழும் இருவரையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தன. 2004ஐ ஒட்டித் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம். ராமதாசும் திருமாவளவனும் தோளோடு தோள் நின்றார்கள். குடிதாங்கியை நினைத்து அவருக்குத் 'தமிழ்க்குடிதாங்கி' என்று பட்டமும் சிறுத்தைகள் மேடையிலிருந்து போனது. இதைக் கேலி செய்கிற தோழர்கள் இருக்கிறார்கள். நான் முழுக்கக் கேலி செய்யமாட்டேன். தலைவர்கள் கட்டிப்பிடித்த அந்த நாலைந்து வருஷம் வட மாவட்டச் சேரிகளில் ராத்திரி கொஞ்சம் நிம்மதியாகத் தூங்க முடிந்தது. பெயர்ப்பலகையில் தமிழ் வந்ததோ இல்லையோ, தெருவில் அரிவாள் குறைந்தது. ஆனால் அந்த ஒற்றுமை முழுக்க இரண்டு தலைவர்களின் தோளில் நின்றது. ஊர்த்தெருவுக்கும் சேரித்தெருவுக்கும் நடுவே ஒரு கூட்டம் போட்டு, கூலியைப் பற்றியோ புறம்போக்கைப் பற்றியோ இரண்டு தெருவும் சேர்ந்து ஒரு மனு எழுதியிருந்தால் கதை வேறாகியிருக்கும். இரண்டு தெருவுக்கும் பொதுவான நோயைத் தொட்டுப் பார்த்த டாக்டர், இரண்டு தெருவுக்கும் பொதுவாக எழுதிக் கொடுத்த மருந்து மொழி மட்டும்தான்.

அந்த 2004இலேயே சத்தியமும் காற்றில் போனது. மகன் அன்புமணி, அவரும் டாக்டர்தான், மாநிலங்களவை வழியாக மத்திய சுகாதார அமைச்சரானார். நல்ல காரியங்கள் செய்தார். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை வந்தது அவர் காலத்தில். அப்பனும் மகனும் சாராயத்தை எதிர்த்துப் பேசியதில் நம் பெண்களுக்கும் உடன்பாடுதான். குடியால் தாலி இழந்தவர்கள் இரண்டு தெருவிலும் இருக்கிறார்கள். அதையெல்லாம் ஒத்துக்கொண்டு மேலே போகலாம்.

2001 சட்டமன்றத்தில் 20 இடம், 2006இல் 18. இந்தக் கூட்டணி, அந்தக் கூட்டணி என்று தேர்தலுக்குத் தேர்தல் தாவி வந்த கணக்கு. 2009 நாடாளுமன்றத் தேர்தலில் நின்ற இடமெல்லாம் தோல்வி. 2011இல் மூன்றே மூன்று. இனித் திராவிடக் கட்சிகளோடு கூட்டே இல்லை என்றார்கள். அப்போதுதான் டாக்டருக்குப் புதிதாக ஒரு நோய் தெரிய வந்தது. அந்த நோயின் பேர் காதல்.

2012 நவம்பர் 7. தருமபுரி, நாய்க்கன்கொட்டாய். ஒரு தலித் இளைஞரும் ஒரு வன்னியப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் அப்பா தற்கொலை செய்துகொண்டார். அன்று சாயங்காலம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று காலனிகளும் எரிந்தன. இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகள். உயிர்ப்பலி இல்லை. அதை வைத்து "யாரும் சாகவில்லையே" என்று பேசியவர்கள் உண்டு. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய மெத்தை வீடு, பீரோ, டிவி, மோட்டார் சைக்கிள், மகள் கல்யாணத்துக்கு வாங்கி வைத்த நகை, பையனின் சர்டிபிகேட் எல்லாம் போயின. குடிசையை எரிக்கிற நெருப்பு பழசு. இது முன்னேற்றத்தை எரித்த நெருப்பு. சேரிக்காரன் வன்னியன் நிலத்துக் கூலியை நம்பாமல் பிழைக்கக் கற்றுக்கொண்டான் என்கிற ஆத்திரம் அந்த நெருப்பில் இருந்தது.

அந்த நாய்க்கன்கொட்டாய் எந்த மண் தெரியுமா? எழுபதுகளின் கடைசியில் நக்சல்பாரித் தோழர்கள் வேலை செய்த இடம். அப்பு, பாலனுக்குச் சிலை நிற்கிற இடம். வன்னியக் கூலியும் தலித் கூலியும் சேர்ந்து தனிக் கிளாசை உடைத்த, சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்ட இடம். அதாவது இரண்டு தெருவும் ஒருகாலத்தில் சேர்ந்தே நின்றது. போலீஸ் அந்த இயக்கத்தைச் சுட்டு அழித்தது. காலியான இடத்தில் வேறு கொடிகள் ஏறின.

எரித்ததில் கட்சிக்குச் சம்பந்தமில்லை என்று பா.ம.க. மறுத்தது. சரி, அது கோர்ட் பார்க்க வேண்டிய விஷயம். எரிந்த பிறகு டாக்டர் என்ன செய்தார் என்பது ஊரறிந்த விஷயம். குடிதாங்கிக்குப் போனவர் நத்தத்துக்குத் தோள் கொடுக்கப் போகவில்லை. 2012 டிசம்பர் 2இல் சென்னையில் பல சாதிச் சங்கத் தலைவர்களைக் கூட்டி உட்கார வைத்தார். தலித் பையன்கள் ஜீன்சும் டி சர்ட்டும் கூலிங்கிளாசும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்றார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுகிறது, திருத்த வேண்டும் என்றார்.

இந்தக் கூலிங்கிளாசைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கோவணத்தோடு நின்றவனிடம் யாருக்கும் சண்டை இல்லை. தோளில் துண்டைப் போட்டபோது அடித்தார்கள், காலில் செருப்பைப் போட்டபோது அடித்தார்கள், சைக்கிள் ஏறியபோது இறக்கிவிட்டார்கள். இப்போது ஜீன்ஸ். உடுப்பு மாறுகிறது, அடி மாறவில்லை. பழைய ஊர்ப் பண்ணையார் இதைச் சொன்னால் ஆச்சரியமில்லை. மார்க்ஸ், பெரியார், அம்பேத்கர் மூவரையும் மேடையில் வைத்த மருத்துவர் சொன்னார். அவர் பேச்சில் இன்னொருவரும் காணாமல் போனார். அந்தப் பெண். இருபது வயதுப் பெண்ணுக்குத் தானே ஒருத்தனைப் பிடிக்கும் என்பதை அந்தப் பேச்சு ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைப் பார்த்து மயங்குகிற ஜந்துவாம் அவள். தலித்தைத் திருடன் என்று சொல்கிற அதே வாக்கியம் வன்னியப் பெண்ணைப் பொருள் என்று சொல்கிறது. சேரியை வைகிற பேச்சென்று நினைத்து நாம் மட்டும் கோபப்பட்டோம். தங்கள் வீட்டுப் பெண்களைப் பூட்டுகிற பேச்சென்று ஊர்ப் பெண்கள் கோபப்பட்டிருக்க வேண்டும். அவர்களிடம் போய்ப் பேச நம்மிடம் ஆள் இல்லை. இயக்கத்தின் பெரிய ஓட்டை இது.

2013 ஏப்ரல் 25, மாமல்லபுரத்தில் சித்திரை முழுநிலவு விழா. போகிற வழியில் மரக்காணத்தில் மோதல், தலித் வீடுகள் எரிந்தன. விழாவுக்குப் போனவர்களில் இருவர் உயிர் போனது. ஏப்ரல் 30இல் ராமதாஸ் கைதானார். ஜூலை 4இல் அந்தத் தருமபுரி இளைஞர் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். 2014 மே மாதம் தருமபுரி தொகுதியில் அன்புமணி ஜெயித்தார். தேதிகளை வரிசையாக வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"எல்லாக் கட்சியும் சாதிக் கட்சிதானே, டாக்டரை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வெண்மணியில் 44 பேர் எரிந்தது 1968இல், மேலவளவில் ஆறு பேர் வெட்டுப்பட்டது 1997இல். இரண்டிலும் பா.ம.க. இல்லை. தென்மாவட்டச் சாவுகளுக்கும் திண்டிவனத்துக்கும் சம்பந்தமில்லை. பெரிய திராவிடக் கட்சிகள் வாயைத் திறக்காமலே ஆதிக்கச் சாதிகளைக் காப்பாற்றுகிறவை. டாக்டர் வாயைத் திறந்து பேசுகிறார், அதனால் மாட்டிக்கொள்கிறார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்றவர்களிடம் நாம் எதையும் எதிர்பார்க்கவில்லை. இவர் ஒருமுறை தோள் கொடுத்தவர். கொடுக்க முடிந்தவனிடம்தான் கேட்க முடியும்.

இடஒதுக்கீட்டுக் கதையும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது. 2021 பிப்ரவரியில், தேர்தல் அறிவிப்பு வந்த அதே நாளில், வன்னியருக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறியது. நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச் 31இல் உச்ச நீதிமன்றமும் ரத்து சரிதான் என்றது. போதுமான புள்ளிவிவரம் இல்லை என்பது முக்கியமான காரணம். 1980இல் சங்கம் வைத்தவர்களிடம் நாற்பது வருஷம் கழித்தும் புள்ளிவிவரம் இல்லை. சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று அவர்கள் கேட்பதும் நாம் கேட்பதும் ஒன்றுதான். எந்தத் தெருவில் எத்தனை ஏக்கர், எத்தனை வேலை என்று எண்ணி வைத்தால் யார் யாருக்கு எதிரி என்பது இரண்டு தெருவுக்கும் தெரிந்துபோகும். அந்தக் கணக்கு வேண்டும் என்று இரண்டு தெருவும் சேர்ந்து ஒரு நாள் மறியல் செய்யலாமே. அந்த மறியலுக்கு மரம் வெட்ட வேண்டியிருக்காது, குடிசையும் எரியாது.

இப்போது தைலாபுரம் தோட்டத்தில் வேறு வழக்கு. 2025 ஏப்ரலில் மகனைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கித் தானே தலைவர் என்றார் அப்பா. செப்டம்பரில் கட்சியை விட்டே நீக்குவதாக அறிவித்தார். மகன் ஒத்துக்கொள்ளவில்லை. கட்சி யாருக்கு, மாம்பழம் யாருக்கு என்று சண்டை. டிவிக்காரர்களுக்கு நல்ல தீனி. சேரியில் யாரும் இதற்காகச் சந்தோஷப்படவும் இல்லை, துக்கப்படவும் இல்லை. சொத்துத் தகராறு பார்த்துப் பழக்கமில்லாத சனம்.

1987இல் சுடப்பட்ட 21 பேருக்கும் விழுப்புரத்தில் அரசாங்கம் மணிமண்டபம் கட்டியிருக்கிறது. 2025 ஜனவரி 28இல் முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். கட்டியது சரிதான், ஏழைகளின் சாவுக்கு முப்பத்தேழு வருஷம் கழித்தாவது ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அதே வாரத்தில் குடிசை எரிந்து, சட்டிபானை கருகி, கைக்குழந்தையோடு கரும்புக் கொல்லையில் ராத்திரி முழுக்கப் பதுங்கிக் கிடந்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பென்ஷன் வாங்கவும், முண்டியம்பாக்கத்துப் பெரியாஸ்பத்திரிக்கும் அவர்கள் விழுப்புரம் வழியாகத்தான் டவுன் பஸ்ஸில் போய் வருகிறார்கள்.